பத்து நாள் காவல்

எங்கள் குடியிருப்பில் என் அர்ச்சனைக்குத் தப்பியவர் யாரும் கிடையாது. மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் ஒரே வாளியில் கொட்டினால் கதவைத் தட்டிக் கேட்பேன். படிக்கட்டில் செருப்பு கிடந்தால் கேட்பேன், வண்டியைக் குறுக்கே நிறுத்தினால் கேட்பேன். கணக்கு டியூஷன் எடுப்பவளுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும் என்று என் கணவர் சமாதானம் சொல்லித் திரிவார். நாய் வளர்ப்பவர்களையும் நான் விட்டுவைத்ததில்லை. மாநகராட்சி உரிமம் எடுத்தீர்களா, வருஷா வருஷம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டீர்களா என்று மூன்றாம் மாடிக்காரரை மாடிப்படியில் நிறுத்திவைத்துக் கால் மணி நேரம் குடைந்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட என் வீட்டு நாய்க்கு ஊசி போட்டு ஒரு வருஷமும் ஐந்து மாதமும் ஆகியிருந்தது.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. தவணை வந்தபோது பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்வு நேரம். அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினேன். அப்புறம் வெயில் குறையட்டும் என்றேன். அப்புறம் அந்த நினைப்பே போய்விட்டது. நாயோ சாதாரணத் தெருநாய். குட்டியாக மழையில் நனைந்துகொண்டிருந்ததைத் தூக்கி வந்தது, ஆறு வருஷமாக எங்கள் தரைத்தள வீட்டில் ராஜா மாதிரி இருந்தது. வீட்டுக்குள்ளேயே கிடக்கும் நாய்க்கு என்ன வந்துவிடப் போகிறது என்று உள்ளூர எனக்கும் ஒரு மெத்தனம்.

ஒரு நாள் அது சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. மறுநாள் வாயைச் சரியாக மூடவில்லை, எச்சில் நூல் நூலாக ஒழுகியது. தொண்டையில் முள் மாட்டியிருக்கிறது என்று நானும் கணவரும் முடிவு கட்டிவிட்டோம். முந்தின வாரம்தான் சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தோம்.

முள் என்றால் எங்களுக்கு ஞாபகம் வருவது டாக்டர் இல்லை, மீன்காரம்மாதான். ஊரூர் குப்பத்திலிருந்து காலை எட்டு மணிக்கு அலுமினியக் கூடையோடு வருவாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவர், நாலாம் வகுப்புப் படிக்கும் ஒரே பெண். குடியிருப்பில் எந்தக் குழந்தை முள்ளை விழுங்கிவிட்டு அழுதாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். நாக்கை அழுத்தி இரண்டு விரலை விட்டு எடுத்துக் காட்டுவாள். போன வருஷம் எங்கள் நாய்க்கும் அப்படிக் கவலை என்கிற பொடிமீனின் முள் ஒன்றை எடுத்திருக்கிறாள். அதனால் அன்றைக்கும் நான்தான் அவளைக் கூப்பிட்டேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு நாயின் முன்னால் குந்தினாள். அதன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊசி போட்டுக்கீதா, டீச்சர்?"

மூன்றாம் மாடிக்காரர் அப்போது பார்த்துத் தன் நாயோடு படியிறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் காதில் விழும்படி 'இல்லை' என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

"அதெல்லாம் போட்டாச்சு" என்றேன்.

அவள் கையை உள்ளே விட்டாள். கடைவாய்ப் பக்கம் விரல் பட்டதுதான் தாமதம், நாய் கவ்வியது. கடித்துவிட்டு, தானே பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியில் பதுங்கிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரலில் ரத்தம். அவள் கத்தவில்லை. நான் சோப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்து குழாயைத் திறந்துவிட்டேன். அரை நிமிஷம் கழுவியவள், மீன் வெயிலில் கெட்டுவிடும் என்று கையை இழுத்துக்கொண்டு ஒரு துணியைச் சுற்றினாள். போகும்போது எனக்கு ஆறுதல் வேறு சொன்னாள். வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே, நீ ஏன் பயப்படுகிறாய் என்றாள்.

அடையாறில் எங்களுக்குப் பழக்கமான கால்நடை மருத்துவர் நாயைத் தொடவே இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றபடி பார்த்தார். முள் மாட்டினாலும் தாடை இப்படித் தொங்கும், வெறிநோயிலும் இப்படித்தான் தொங்கும், அதனால்தான் எச்சில் ஒழுகும் நாயின் வாயில் யாரும் கை விடக் கூடாது என்பது முதல் விதி என்றார். மற்ற விதிகளையும் சொன்னார். பத்து நாள் தனி இடத்தில் கட்டிவைக்க வேண்டும். தனித் தட்டு, அதையும் குச்சியால் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஒரே ஆள்தான் கவனிக்க வேண்டும், குழந்தைகள் பக்கத்தில் போகக் கூடாது. துரத்திவிடவோ வேறு யாரிடமாவது கொடுக்கவோ கூடாது. மாநகராட்சி சுகாதாரப் பிரிவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். நடுவில் செத்துப்போனால் புதைக்காமல் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.

என் கணவர், இப்போதே ஒரு ஊசியைப் போட்டுவிடுங்களேன் என்று கெஞ்சினார். கூடாது, பத்து நாள் பார்வை முடிந்த பிறகுதான் என்று மருத்துவர் மறுத்துவிட்டார். அப்புறம்தான் என்னைப் பார்த்துக் கேட்டார், கடிபட்டவர் ஊசி போட்டுக்கொண்டாரா என்று. நாயைத்தான் பத்து நாள் பொறுத்துப் பார்ப்பது, மனிதர்களுக்கு அன்றைக்கே ஊசி, நோய் தலைகாட்டிவிட்டால் அப்புறம் மருந்தே கிடையாது என்றார்.

என் ஒரு வார்த்தையை நம்பி அவள் பெசன்ட் நகர்த் தெருக்களில் மீன் விற்றுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் குப்பத்துக்குப் போனேன். சந்துக்குள் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தபோது அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இரண்டு பெண்கள் வலையில் சிக்கிய குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. எதற்கும் ஒரு பாதுகாப்புக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம், ஆட்டோவில் கூட்டிப்போகிறேன் என்று தயாள குணத்தோடு பேசினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. அவள் சிரித்துக்கொண்டே மறுத்தாள். ஊசி போட்ட நாய் கடித்ததற்கு எதற்கு அங்கே போய்க் கால்கடுக்க நிற்பது என்றாள். பக்கத்திலிருந்த பெண்களும் தலையாட்டினார்கள்.

வேறு வழியில்லை. ஊசி போடவில்லை, காலையில் நான் சொன்னது பொய் என்றேன். அந்தப் பெண்கள் கையில் இருந்த வலையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவள் தன் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தாள்.

"நாய நம்பியா கைய வுட்டேன்? உன்ன நம்பிதானேமா வுட்டேன்."

இத்தனை வருஷம் எத்தனையோ பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவள் வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

அரசு ஆஸ்பத்திரியில் காயத்தைக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். தோளில் ஊசி போட்டார்கள். பிறகு காயத்தைச் சுற்றி, விரலிலேயே, இன்னொரு மருந்தை ஏற்றினார்கள். விரலில் சதை ஏது? அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள், நான் நீட்டிய கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் மறுபடி வரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் நான் வாய் ஓயாமல் பேசினேன். குற்ற உணர்ச்சி பிடித்தால் எனக்குப் பேச்சு அதிகமாகிவிடும். பயப்படாதே, எல்லாம் விதிப்படி செய்கிறோம், நாயைப் பின்பக்கம் தனியாகக் கட்டிவிட்டோம், தனித் தட்டு, யாரும் கிட்டப் போக மாட்டோம், குழந்தைகளை அண்டவிட மாட்டோம், பத்தாம் நாளும் நன்றாக இருந்தால் கவலையே இல்லை என்று டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள். காதிலேயே வாங்கவில்லை என்று நினைத்தேன்.

அதன் பிறகு எங்கள் குடியிருப்புக்கு அவள் வரவில்லை. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் நான் ஆட்டோவோடு போய்ச் சந்து முனையில் நிற்பேன். வருவாள், ஆட்டோவின் ஓரத்தில் ஒடுங்கி உட்காருவாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். தண்ணீர் பாட்டிலை நீட்டினால் வாங்க மாட்டாள். என் மேல் அத்தனை கோபம் என்று எடுத்துக்கொண்டேன். கோபப்பட அவளுக்கு உரிமை இருந்தது. மீன்காரம்மா ஏன் வருவதில்லை என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்டபோது நடந்ததைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், அவளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று மட்டும் விசாரித்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வீட்டில் நாய் பின்பக்கத் துவைக்கிற இடத்தில் கட்டிக்கிடந்தது. முதல் மூன்று நாள் தலையைத் தூக்கவில்லை. தண்ணீர்க் கிண்ணத்தைத் துடைப்பக் கட்டையால் தள்ளிவிட்டு, கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். என்னைப் பார்த்து வாலை ஒரு முறை அசைக்கும். தொடக் கூடாது. ஆறு வருஷம் மடியில் தலை வைத்துக் கிடந்ததற்குத் தொடக் கூடாது என்றால் என்ன புரியும்? அது செத்தால் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில், என் நாய்க்காகத் தனியாக அழக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. நாலாம் நாள் தண்ணீர் குடித்தது. ஆறாம் நாள் தயிர்சாதத்தை நக்கித் தின்றது. மாநகராட்சி ஊழியர் இரண்டு முறை வந்து பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.

பத்து நாள் முடிந்ததும் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். மயக்க மருந்து கொடுத்து வாயைத் திறந்து பார்த்தார். முள்ளும் இல்லை, வெறியும் இல்லை. கடைவாய்ப் பல்லுக்கு அடியில் சீழ் பிடித்துத் தானே உடைந்திருந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டு, விட்டுப்போன தடுப்பூசியையும் போட்டார். நான் நாய் கண் விழிக்கும்வரைகூட இருக்கவில்லை. ஆட்டோவைப் பிடித்துக் குப்பத்துக்கு ஓடினேன்.

அவள் வீட்டுக்குப் பக்கவாட்டில், வலை போட்டுவைக்கும் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. அதன் மேல் தலையணை. பக்கத்தில் ஒரு அலுமினியத் தட்டு, ஒரு டம்ளர். மகள் வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைச் சத்தமாகப் படிக்க, இவள் இங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாய்க்கு ஒன்றுமில்லை, வெறும் பல்வலி என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நாய அவுத்து வுட்டியா?"

அவிழ்த்துவிட்டோம் என்றேன்.

"அப்போ நானும் உள்ள போலாமா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. பாயைப் பார்த்தேன், தட்டைப் பார்த்தேன். பத்து நாளாக இவள் இங்கேதான் கிடந்திருக்கிறாள். புருஷன் தட்டில் சாப்பாட்டைப் போட்டுத் தள்ளி வைத்திருக்கிறார், மகளைப் படி தாண்டவிடவில்லை. ஆட்டோ ஓரத்தில் ஒடுங்கியதும், வாயைப் பொத்தியதும், என் தண்ணீரைத் தொடாததும் கோபமே இல்லை. எனக்கு ஒட்டிவிடக் கூடாது என்றுதான்.

இதெல்லாம் உனக்கு யார் சொன்னார்கள், மனுஷர்களுக்கு இந்த விதியே கிடையாது என்று பதறினேன்.

"நீதானேமா ஆட்டோல சொல்லிக்கினு வந்த. கடிச்ச நாய்க்கே தனித் தட்டுன்னா, கடி வாங்கினவளுக்கு? வூட்ல பொம்பளப் புள்ள கீது."

அப்படி எதுவும் தேவையில்லை, நீ ஊசி போட்டுக்கொண்டாய், குழந்தைக்கு ஒன்றும் வராது, உள்ளே போ என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் எழுந்திருக்கவில்லை.

"நீ சொல்றமா. டாக்டர் சொல்லட்டும்."

அவள் குரலில் கோபம் இல்லை. என் வார்த்தை அவளிடம் இனி அவ்வளவுதான் செல்லும், அதை உள்ளபடி சொன்னாள். மருத்துவரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டு, போனைப் பாயின் மேல் வைத்தேன். குழந்தையைத் தொடலாமா சார் என்று கேட்டாள். தாராளமாகத் தொடலாம், முதல் நாளிலிருந்தே தொட்டிருக்கலாமே அம்மா என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

அவள் போனை என் பக்கம் தள்ளிவிட்டு, இரண்டு கையையும் நீட்டி மகளைக் கூப்பிட்டாள். குழந்தை புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தது, வாசற்படியில் நின்றுவிட்டது. அம்மா மறுபடி கூப்பிட்டும் படியைத் தாண்டவில்லை, அப்பாவைத் தேடித் திரும்பிப் பார்த்தது. கடைசியில் அவளேதான் எழுந்து உள்ளே போக வேண்டியிருந்தது.