அண்ணை படிக்காத பௌதிகம்

கொழும்பில் பௌதிகப் பட்டப்படிப்புக்கு என்னென்ன பாடங்கள் என்று இன்றைக்கும் என்னை நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் ஒப்புவிப்பேன். அங்கே போய்ப் படித்ததால் வந்த ஞாபகம் என்று நினைத்துவிட வேண்டாம். அதற்கு எத்தனையோ வருடம் முன்பே, சண்டிலிப்பாயில் எங்கள் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றடியில், தண்ணீர் இறைக்கும் துலாவின்மேல் நடந்தபடி அண்ணை சொல்லச் சொல்ல என் காதில் ஏறியது அது.

துலா மிதிப்பது அண்ணையின் வேலை. நெடிய மரத்தின்மேல் அவர் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஐயா அள்ளுகிற பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் கவிழ்ப்பார். நான் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிடுவேன். மற்றவர்கள் துலா மிதிக்கும்போது தேவாரமோ நாட்டுப் பாட்டோ பாடுவார்கள். எங்கள் வீட்டில் பாடத்திட்டம் பாடினார்கள்.

“முதல் வருசம் சடப்பொருளின்ரை இயல்பும் வெப்பமும். ரண்டாம் வருசம் ஒளியும் ஒலியும். மூண்டாம் வருசம் காந்தமும் மின்சாரமும். சிறப்புப் பட்டம் எடுக்கிறவைக்கு மட்டும் அணு.”

கோயில் திருவிழாவில் இன்றைக்கு என்ன வாகனம், நாளைக்கு என்ன வாகனம் என்று சொல்பவர்களின் குரலில் இருக்கும் அதே பரவசம் அவர் குரலிலும் இருக்கும். ஐயா நிமிர்ந்து பார்க்காமலே, “அணு கிடக்கட்டும், காலைப் பாத்து வை” என்பார். ஐயாவுக்கு உள்ளூரப் பெருமைதான். சந்தையில் புகையிலை விற்கப் போனால் விலையைப் பற்றிக் கதைப்பதைவிட மூத்தவன் படிக்கப்போகும் படிப்பைப் பற்றித்தான் அதிகம் கதைப்பார் என்று கூடப் போனவர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் கொழும்பில் இருந்தது பல்கலைக்கழகம் இல்லை. லண்டன் பட்டத்துக்கு ஆள் தயார் செய்யும் கல்லூரி. அங்கே பட்ட வகுப்பில் சேர லண்டன் இடைநிலைப் பரீட்சையில் தேற வேண்டும். எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் உண்டு. செய்முறையில் தவறினால் எழுத்தில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை. யாழ்ப்பாணத்தில் அண்ணை படித்த கல்லூரியில் ஆய்வுகூடம் என்று ஒன்று இருந்தது. அங்கே இருந்த கருவிகளை அவர் வீட்டில் பேசும்போது அயலட்டைச் சனங்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். இந்தத் தராசு நல்ல பிள்ளை, அந்த வெப்பமானி கொஞ்சம் பொய் சொல்லும், என்று.

உடைந்துபோன காந்தத் துண்டு ஒன்றை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு பெரிய இரும்பாணியை எடுத்து, அந்தத் துண்டால் ஒரே பக்கமாக உரோஞ்சி உரோஞ்சி, கடைசியில் அந்த ஆணியாலேயே அம்மாவின் தையல் ஊசிகளைத் தூக்கிக் காட்டினார். அம்மா நாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“என்ன மாயமடா இது! வெறும் ஆணிக்கு எங்காலை இவ்வளவு சத்தி?”

“எல்லா இரும்புக்குள்ளையும் கிடக்கிற சத்திதான் அம்மா. நான் அதை ஒரு பக்கமாத் திருப்பிவிட்டிருக்கிறன், அவ்வளவுதான்.”

அம்மாவுக்கு இரண்டாவது வசனம் தேவைப்படவில்லை. இரும்பில் சக்தி உண்டு என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். எங்கள் பக்கத்தில் மத்தியானத்தில் பலகாரமோ இறைச்சியோ கொண்டு வெளியே போகிறவர்களின் கையில் ஒரு ஆணி இருக்கும். பிள்ளை பெற்றவளின் பாய்க்கடியில் இரும்பு இருக்கும். பேயும் கண்ணூறு நாவூறும் இரும்பு இருக்கும் இடத்துக்குக் கிட்ட வராது. இதில் படித்தவன், படியாதவன் என்ற பேதம் எங்கள் ஊரில் இல்லை. படித்தவன் அதைப் பற்றிக் கதைக்காமல் இருப்பான், அவ்வளவுதான்.

செய்முறைப் பரீட்சை கொழும்பில். அண்ணை அதற்கு முன்பு ஆனையிறவைத் தாண்டியது கிடையாது. ரயில் வன்னிக் காட்டுக்குள்ளால் போகும், அங்கே காய்ச்சல், ஆனை, இன்னும் பெயர் சொல்லக்கூடாத என்னென்னவோ. அம்மா போகிற கோயிலெல்லாம் போய் நேர்ந்துவைத்தார். பரீட்சைக்கென்று அண்ணைக்கு வெள்ளைத் துணியில் ஒரு கோட்டுத் தைப்பித்தார்கள். கல்லூரியில் அவர் கோட்டுப் போட்டதில்லை, ஆய்வுகூடத்தில் சட்டையோடுதான் நிற்பார். வெள்ளைக்காரப் பரீட்சகர் முன்னால் சட்டையோடு நிற்கலாமா என்று ஐயாதான் பிடிவாதமாக நின்றார். தையற்காரனிடமிருந்து வந்த கோட்டை அம்மா கழுவித் தோய்த்து, மினுக்கி, மடித்துப் பெட்டியில் வைத்தார். புறப்படும்போது, “கோட்டைக் கழட்டாதை மோனை, மரியாதையா நிண்டு செய்” என்று மட்டும் சொன்னார். அண்ணை பெரியவர்களின் சொல்லைத் தட்டத் தெரியாத மனிதர்.

போனவர் திரும்பி வந்தபோது மெலிந்திருந்தார். என்ன வந்தது என்று ஐயா கேட்க, காந்தமானி வந்தது என்றார். நன்றாகச் செய்தாயா என்று கேட்க, “பாப்பம்” என்றார். பெறுபேறு லண்டனில் இருந்து வந்தபோது எழுத்தில் எல்லாம் தேறியிருந்தார். பௌதிகச் செய்முறையில் மட்டும் தவறியிருந்தார். ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. கணிதத்தில் தவறியிருந்தால் நம்பியிருப்பார்கள், இங்கிலீசில் தவறியிருந்தால் நம்பியிருப்பார்கள். கருவிகளோடு குடும்பம் நடத்திய ஆள் கருவியில் தவறியது யாருக்கு விளங்கும்?

அடுத்த வருடம் எடுக்கலாம் என்று எல்லோரும் தேற்றினோம். அந்த மாரியில் ஐயா கிணற்றடியில் விழுந்தார். பாரிசவாதம். ஒரு கையும் ஒரு காலும் போய்விட்டன. அதற்குப் பிறகு அண்ணை துலாவில் ஏறவில்லை, கீழே நின்று பட்டை பிடித்தார். துலா மிதிக்க நான் ஏறினேன். பாடத்திட்டம் பாடுவதை அவர் நிறுத்திவிட்டார். அந்த அமைதியில் துலா கிறீச்சிடுகிற சத்தம் எனக்குப் பொறுக்காது, நானாக ஏதாவது சளசளத்துக்கொண்டிருப்பேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணைக்குச் சிரிப்பும் முசுப்பாத்தியும் குறைந்துவிட்டன என்பதுதான்.

அம்மா மட்டும் ஒரு ஆறுதல் வைத்திருந்தார். “பாஸ் பண்ணாட்டில் என்ன? வன்னியைத் தாண்டிப்போன பிள்ளை ஒரு காய்ச்சல் குணமில்லாமல் வீட்டை வந்தான். ஐயா விழுந்த நேரம் அவன் பக்கத்திலை நிண்டான். அதுக்கெண்டு நான் செய்ய வேண்டியதைச் செய்துதான் அனுப்பினனான்.” அவர் என்ன செய்து அனுப்பினார் என்று யாரும் கேட்கவில்லை. நேர்த்திக்கடனைச் சொல்கிறார் என்று நினைத்தோம்.

வருடங்கள் போயின. ஐயா காலமானார். இரண்டாம் உலக யுத்தம் வந்தது, அரிசிக்குக் கூப்பன் வந்தது, கொழும்புக் கல்லூரி பல்கலைக்கழகமாக மாறியது. நான் பிரவேசப் பரீட்சை எடுத்தேன், அண்ணை எடுத்த அதே பாடங்கள். என்னைப் பௌதிகத்துக்குத் தள்ளியது அவர் இல்லை. ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காதில் கிடந்த பாட்டு இழுத்துக்கொண்டு போனது, அவ்வளவுதான்.

செய்முறைக்கு நான் கொழும்பு புறப்படுகிற நாள் காலை, பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணையின் அதே வெள்ளைக் கோட்டை எனக்கு அளவாகப் பிடித்து வைத்திருந்தார்கள். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். அண்ணை தோட்டத்திலிருந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, கோட்டை எடுத்து அதன் கீழ்க்கரையை விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் விரல் நின்றது. சவரப் பிளேட்டால் நூலை அறுத்தார். உள்ளே இருந்து ஒரு ஆணி விழுந்தது.

“என்ன அண்ணை இது?”

“அம்மா வைச்சது. எனக்கும் வைச்சவ.”

பிறகு, இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னார். பரீட்சை மண்டபத்தில் காந்தமானியின் முன்னால் நின்றிருக்கிறார். அதன் காந்த ஊசியின் நுனியைச் சரியாக வாசிக்கக் குனிய வேண்டும். அவர் குனிந்தால் ஊசி அசைகிறது. நிமிர்ந்தால் பழைய இடத்துக்குப் போகிறது. கிழக்குப் பக்கத்தில் எடுத்த வாசிப்பும் மேற்குப் பக்கத்தில் எடுத்த வாசிப்பும் ஒத்துவரவில்லை. சட்டைப் பையில் திறப்புக் கோர்வை, பேனாக்கத்தி என்று இரும்பு ஏதும் இருக்கிறதா என்று மேற்பார்வையாளர் கேட்டிருக்கிறார். பைகளைத் திருப்பிக் காட்டினாராம், ஒன்றும் இல்லை. வேறு கருவி கேட்டு வாங்கினார். அதுவும் அப்படித்தான். மூச்சுக்காற்றில் அசைகிறதோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுகூட வாசித்துப் பார்த்தாராம். எழுதினதை வெட்டி, வெட்டினதை எழுதி, நேரம் போய்விட்டது.

“அறையிலை போய்க் கோட்டைக் கழட்டி இரும்புக் கட்டில்லை போட்டன். டங் எண்டு ஒரு சத்தம். தையல் இடுக்காலை பாத்தா, நான் உரோஞ்சின ஆணி. என்ரை மேசையிலை கிடந்தது. அது சத்தியுள்ள ஆணியெண்டு பாத்து எடுத்திருக்கிறா. அவவுக்குத் தெரியக்கூடாதெண்டு அப்பிடியே விட்டிட்டு வந்தன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

“அம்மாட்டைச் சொல்லேல்லையோ?”

“சொல்லி? அந்த நேரம் ஐயா விழுந்து கிடந்தார். அவவும் விழவோ? நீயும் வாய் திறக்கப்படாது.”

அறுத்த இடத்தைத் தன் கையாலேயே தைத்தார். புகையிலைக் கறை ஏறிய தடித்த விரல்கள். தையல் கோணல்மாணலாக வந்தது. நான் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். எனக்கும் காந்தமானியே வந்தது. ஊசி அசையாமல் நின்றது. வாசிப்புகள் ஒன்றோடொன்று அப்படி ஒத்துவந்தன; அதைப் பார்த்துச் சந்தோஷப்பட என்னால் முடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் அண்ணை பாடிய வரிசையிலேயே பாடங்கள் நடந்தன என்று சொன்னால் பொய். விரிவுரையாளர் ஒருவர் யுத்தத்துக்குப் போய்விட்டதால், மூன்றாம் வருடத்தில் வர வேண்டிய காந்தத்தை எங்களுக்கு முதல் தவணையிலேயே தொடங்கிவிட்டார்கள். இரும்பு பக்கத்தில் இருந்தால் காந்த ஊசி எவ்வளவு திரும்பும் என்பதைக் கணக்காகவே செய்தேன். ஒரு மேசையகலத்தில் ஒரு ஆணி என்ன செய்யும் என்பது தசம தானத்தோடு எனக்குத் தெரியும்.

முதல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த அன்று அம்மா சோறு போட்டுக்கொண்டு கேட்டார். அண்ணை தோட்டத்தால் வந்து பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“தம்பி, சோதினை எடுத்துக்கொண்டு நீ வந்த உடனை இரும்பை எடுத்துக் கிணத்துக்கை போடவெண்டு கோட்டைப் பிரிச்சனான். இரும்பு இல்லை. தையலும் என்ரை தையல் இல்லை.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

“இரும்போடை போனவன் தவறினான். இரும்பில்லாமல் போனவன் பாஸ் பண்ணினான். இவ்வளவு நாளும் இதை நினைச்சு எனக்கு நித்திரை இல்லை. ஆரிட்டைக் கேக்கிறது? அவனைக் கேட்டால் சொல்லமாட்டான். நீ அந்தப் படிப்புப் படிக்கிறாய். சொல்லு. நான் வைச்ச ஆணியாலை அவன்ரை சோதினை பிழைச்சதோ?”

எங்கள் அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். இரண்டு பிள்ளைகளையும் ஒரு கோட்டையும் வைத்து அவர் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் தலையைக்கூட ஆட்டவில்லை, சாப்பிடுவதை நிறுத்தி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லையம்மா,” என்றேன். “சின்ன ஆணி. அது என்ன செய்யப்போகுது?”

“உண்மையாவோ?”

“உண்மையா. எங்களுக்கு அங்கை அது ஒரு பாடமே.”

அந்தப் பெரிய படிப்பை வீட்டில் நான் முதன்முதலாகப் பயன்படுத்தியது இதற்குத்தான். அம்மா நெடுமூச்சு ஒன்று விட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு, பாரம் இறங்கிய மனிதரின் குரலில், கொஞ்சம் கண்டிப்போடுகூட, அண்ணையின் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீதான் வடிவாப் படிக்காமல் போயிருக்கிறாய். நான் என்னைப்போட்டு உருக்கிக்கொண்டிருந்தன்.”

நான் வாயைத் திறந்தேன். அண்ணை என்னை முந்திக்கொண்டார்.

“ஓமம்மா,” என்றார். “நான் வடிவாப் படிக்கேல்லை.”

“படிச்சிருக்கலாமே, மோனை.”

“ஓமம்மா. படிச்சிருக்கலாம்.”

அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் சாப்பிட்டார்.