சோதிக்காமல் விட்ட சாராயம்

நான் கண்டவற்றையும், என் கையால் சோதித்தவற்றையும், நீதிமன்றத்தில் என் காதால் கேட்டவற்றையும் மட்டுமே இங்கு எழுதுகிறேன். சோதிக்காத ஒன்றை உண்மையென்று உரைத்து, ஒரு பெண்ணின் கை முறியக் காரணமானவன் நான். ஆதலால் இதில் ஊகத்துக்கு இடமில்லை.

மகாராஜாவின் ஆட்சிக்காலத்தில் மைசூரில் ஓர் இரசாயனச் சோதனைச் சாலையில் பணியாற்றினேன். ஐயத்துக்குரிய மரணங்களில் இறந்தவரின் இரைப்பையும் ஈரலும் சாராயத்தில் ஊறவைக்கப்பட்டு, அரக்கு முத்திரையுடன் எங்களிடம் வரும். அதே சாராயத்தில் சிறிதளவு ஒரு தனிப் புட்டியில் உடன் வரும். சாராயத்திலேயே நஞ்சு கலந்திருக்கிறதா என்று அறிய அதையும் சோதிக்க வேண்டும் என்பது விதி.

ஒரு நாள் நஞ்சன்கூட்டு வண்டிக்காரர் ஒருவரின் உறுப்புகள் வந்தன. பாரவண்டி ஏறித் தொடை நசுங்கிய அவருக்கு, மருத்துவர் வலிக்காக மார்பியா எழுதிக்கொடுத்திருந்தார். வலி மிகுந்தபோதெல்லாம் தன்மேல் செம்பை வீசினார் என்றும், கடைசி நாளன்று மருந்துப் புட்டியையே சுவரில் அடித்து உடைத்தார் என்றும் அவர் மனைவி வாக்குமூலம் தந்திருந்தாள். மருந்தை அளவுக்கு மீறிப் புகட்டிக் கொன்றாள் என்பது இறந்தவருடைய தம்பியின் புகார். குற்றம் உறுதியானால் அவளுக்குத் தூக்கு.

இரைப்பையிலிருந்து பிரித்தெடுத்த படிவின்மேல், பார்மலின் கலந்த கந்தக அமிலத்தை ஒரு துளி விட்டேன். மார்பியாவுக்கு அடையாளமான ஊதா நிறம் படர்ந்தது. ஈரலிலும் அவ்வாறே. படிவின் எடை, மருத்துவர் எழுதிய அளவை விஞ்சியது. முத்திரை பழுதின்றி இருந்ததால் தனிப் புட்டியை நான் திறக்கவில்லை.

“மார்பியா அளவுக்கு மீறி இருந்தது” என்று சாட்சிக் கூண்டில் சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் தம்பி பாய்ந்து, காவலரின் தடியைப் பிடுங்கினான்.

“எந்தக் கையிலடி எங்கண்ணனுக்கு ஊத்துனே? இந்தக் கையிலயா?”

அவள் கை எலும்பு முறிந்த ஓசை சாட்சிக் கூண்டுவரை கேட்டது. இரண்டாம் அடி வாயில் விழுந்தது. காவலர்கள் அவனைத் தரையில் தள்ளி மிதித்தார்கள். அவள் பல்லொன்றை உள்ளங்கையில் துப்பினாள்.

அமைதி திரும்பியதும், அவளுடைய வக்கீல் என் பக்கம் திரும்பினார்.

“அந்தச் சின்னப் புட்டி. அதத் தொறந்து பாத்தீரா, ஓய்?”

“இல்லை. முத்திரை சரியாக இருந்தது.”

“முத்திரையையா ஸ்வாமி ஊறப்போட்டா?”

சிலர் சிரித்தார்கள். நீதிபதி அப்போதே என்னைச் சோதனைச் சாலைக்கு அனுப்பினார். தனிப் புட்டியின் சாராயத்தை வற்றவைத்துத் துளி விட்டேன். அதே ஊதா.

சுத்தமான பாத்திரம் இல்லாததால், மார்பியா அடங்கிய அபின் டிங்சர் இருந்த தகர டப்பாவை ஒருமுறை மட்டும் அலம்பிச் சாராயம் ஊற்றியதாக, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் மறுநாள் ஒப்புக்கொண்டார். அவளை விடுவித்தார்கள். தமிழ் பேசும் எல்லையோர ஊரான கௌதள்ளியில் பிறந்தவள் அவள். கட்டைகள் வைத்துக் கட்டிய கையோடு படியிறங்கியவள், என்னைக் கண்டு நின்றாள்.

“ஏனுங்க சாமி, அத மொதல்லயே பாத்திருக்கப்படாதுங்களா?”



உறுப்புகள் ஊறிய சாடியிலிருந்த மார்பியாவில் எவ்வளவு அம்மனிதரின் உடலைச் சேர்ந்தது, எவ்வளவு சாராயத்தைச் சேர்ந்தது என்பது தெரியாது. உடைந்த புட்டியில் எவ்வளவு மருந்து எஞ்சியிருந்தது என்பது தெரியாது. அவர் எதனால் இறந்தார் என்பது தெரியாது. அவள் கை கூடியதா என்பதும் எனக்குத் தெரியாது.