பட்டை பிரிகிற சத்தம்

இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பட்டையைப் பிரிக்கிற சத்தத்தை என்னால் இன்னும் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. அந்தப் பட்டையை வைத்துத்தான் டாக்டரம்மா எங்களுக்கு விளக்கினார்.

என் மகளின் இடது சினைப்பையைக் கட்டியோடு எடுத்திருந்தார்கள். புற்றுநோய்தான். வலது பக்கத்தை விட்டுவைக்கலாமா என்பதற்கு இன்னொரு ரிப்போர்ட் வரவேண்டியிருந்தது.

"செல்லு மேல சில புரதம் இருக்குதுங்க. அதுதான் பக்கத்துச் செல்லை இந்தப் பட்டையாட்டம் புடிச்சு வெச்சிருக்குது." மகளின் கையில் கட்டியிருந்த பட்டையைக் கர்ரென்று பிரித்தார். "நோய் வந்தா சில செல்லு பிடிய விட்டுரும். வயித்துத் தண்ணில மிதந்து போயி வேற பக்கம் ஒட்டும். ஒட்டறதுக்கும் அதே மாதிரி புரதந்தானுங்க. ஆபரேசன்ல வயித்தக் கழுவி எடுத்த தண்ணிய அனுப்பியிருக்கறோம். அதுல அந்தச் செல்லு இல்லீனா வலது பக்கத்தைத் தொட வேண்டீதில்ல."

"விட்டதும் இல்லாம வேற பக்கம் போயி ஒட்டிக்குதா? நல்லாருக்குது அது பொழப்பு!" என்று மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காங்கேயத்து இடம், என் நாத்தனார் பேசி முடித்தது. "பித்தப்பைல கல்லுன்னு சொல்லிப்போட்டனுங்க நங்கையா. நீங்களும் அதையே சொல்லுங்க. கல்லு யாருக்குத்தான் இல்ல?" என்று அவர் அண்ணியான எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். மகளின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்துக்கொண்டே, "கல்லு எத்தனை பெருசுங்க அம்மணி?" என்றார்.

"கல்லில்லீங்க அத்தை. சினைப்பைல கேன்சர். ஒண்ண எடுத்தாச்சு. இன்னொண்ணு ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும்."

பாதி உரித்த பழத்தை மேசைமேல் வைத்தார். கைக்குட்டையில் விரல்களைத் துடைத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க, வாரேன்." அவர் வந்தது காரில்.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. தண்ணீரில் ஒன்றுமில்லை, வலது பக்கம் பிழைத்தது. என் கணவர் சந்தோஷமாகக் காங்கேயத்துக்குப் போன் செய்தார். பையனுக்கு ரெண்டு வருசத்துக்குக் குருபலன் இல்லையாமுங்க என்றார்கள். ஜாதகம் பார்த்துப் பொருத்தம் சொன்னதே அவர்கள்தான்.

நாத்தனாருக்கு எங்கள்மேல்தான் கோபம். "புள்ளைக்கு வாய அடக்கத் தெரீல. ரிப்போர்ட்டுந்தான் நல்லா வந்துருச்சல்ல, கல்லுன்னே இருந்திருந்தா என்ன?"

போன மாதம் மேட்டுப்பாளையத்தில் ஓர் இடம் கொண்டுவந்தார். பையனின் அம்மா என்னிடம் போனில், "கல்லு எடுத்தீங்களாமா?" என்றார்.

"கல்லில்லீங்க," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்புறம் கூப்புடறனுங்க."

கூப்பிடவில்லை. செக்கப்புக்குப் போகும்போது நர்ஸ் பட்டையைப் பிரிக்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். "அம்மா, முடிஞ்சுது, திரும்பு," என்கிறாள் மகள்.