பெரியம்மா எடுத்த கட்லெட்

பட்டாபிராமில் எங்கள் வீட்டு மாடியில் பெரியப்பா குடும்பம் குடியிருந்தது. பெரியவர்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தவர் பெரியம்மாதான். ஞாயிறு பூசையில் பிரசங்கம் நீண்டால், "போதும் ஃபாதர், பசிக்குது" என்று உரக்கச் சொல்வார். யார் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்பார். நான் அப்படிச் செய்தால் அம்மா தொடையில் கிள்ளுவாள். பெரியம்மாவை யாரும் கிள்ளவில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். எந்த வயதில் இந்தச் சலுகை கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே ஆவல்.

அந்தச் சமயத்தில்தான் பெரியம்மாவின் ஒரே மகளான அக்காவைப் பெண் பார்க்க வானகரத்திலிருந்து வந்தார்கள். பெரியம்மாவுக்கு ஜுரம் என்று சொல்லி, உள்ளறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினார் பெரியப்பா. நானும் அங்கேதான் விளையாடிக்கொண்டிருந்தேன். கட்லெட் வாசனை வந்ததும் பெரியம்மா எழுந்து கதவைத் திறந்தார். பின்னாலேயே ஓடினேன்.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா, சமீபத்தில் இறந்துபோன தன் தங்கையைப் பற்றிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். பெரியம்மா நேராகப் போய் அவர் தட்டிலிருந்த கட்லெட்டை எடுத்துக் கடித்தார்.

"அழுதா மூக்கு எவ்ளோ பெருசாவுது பாரேன்!" என்று சிரித்தார்.

"ஜுரத்துல ஏதோ ஒளர்றா" என்றார் பெரியப்பா.

அக்கா எழுந்து நின்றாள். "ஜுரம் இல்ல ஆன்ட்டி. அம்மாக்கு மூளையில ஒரு நோய். அடுத்தவங்க மனசு அவங்களுக்குப் புரியாது. இன்னும் அதிகமாத்தான் ஆவும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கல்யாணம் ஆனாலும் நான்தான் பாத்துக்கணும்."

மாப்பிள்ளையின் அப்பா கார் சாவியைத் தேடினார். அந்த அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். குரலில் கோபமில்லை. பெரியம்மாவின் கையில் இன்னொரு கட்லெட்டை வைத்துவிட்டுத்தான் படியிறங்கினார். ஆனால் அதற்குப் பிறகு அங்கிருந்து போன்கூட வரவில்லை. அக்காவுக்குச் சில வருடம் கழித்து வேறிடத்தில்தான் கல்யாணம் நடந்தது.

அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று மாலை பட்டுப்புடவையோடு மாடிப்படியில் உட்கார்ந்து அக்கா அழுதாள். பெரியம்மா குனிந்து அவள் முகத்தையே பார்த்தார். கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு, "இன்னாடி, மூஞ்செல்லாம் தண்ணி?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே, அவளுக்கு அன்று என்ன வருத்தம் என்று ஒருகாலத்தில் பெரியம்மா கண்டுபிடித்துவிடுவாராம். வெகுநாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அன்றைக்கு மாடிப்படியில் பெரியம்மா விளையாட்டுக்குக் கேட்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.