ஓரு வந்த அந்தி

பேய், பிசாசு என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போகிற ஆள் நான். சாமியாடுகிறவர்களைக்கூட ஓரக்கண்ணால்தான் பார்ப்பேன். ஆகவே நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, கேட்டு மட்டும் வையுங்கள்.

யுத்தக் காலம். என் அண்ணன் குமுளி மலை இறங்கி மலையாளத்துக் காயலுக்கு வேலைக்குப் போயிருந்தார். கடலோடு வாய் திறந்து கிடக்கிற பெரிய ஏரி அது. அடிச்சேற்றை அள்ளிக் கரை கட்டி உள்ளே நெல் போடுவார்களாம், சேற்றைத் தோண்டினால் கீழே முழுக்கச் சிப்பி ஓடுதானாம். மழையில் நல்ல தண்ணீர். கோடையில் ஆறு வற்றினால் கடல் உள்ளே ஏறும், பாசி கருகும், ஆற்று மீன் எதிரேறி மேலே ஓடிவிடும்.

"அங்கன வர வேண்டிய பெரியாத்தை மலையைக் குடைஞ்சு இங்கன திருப்பிட்டாக. எங்க தண்ணியத்தான்லே நீ குடிக்கிறே" என்று என்னைக் கேலி செய்வார். வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவுக்கு வந்து தீச்சட்டி எடுப்பதாக ஆத்தாவிடம் சொல்லிப் போயிருந்தார்.

திருவிழாவுக்குக் கம்பம் நட்டார்கள், அண்ணனைக் காணவில்லை. அன்று பொழுது சாயும்போது, அந்தத் திருப்பிவிட்ட தண்ணீர் ஓடுகிற முல்லையாற்றுத் துறையில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு கரைமேல்தான். அக்கரை நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல், சத்தியமாக அண்ணன் குரல்தான்.

"ஏலே, ஊரு வந்துருச்சுலே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஆத்தா, அண்ணே ஊரு வந்துருச்சுங்கிறாக, உலையை வையி!" என்று வீட்டைப் பார்த்துக் கத்திவிட்டு நீந்திப் போனேன். அக்கரையில் ஒருவரும் இல்லை. வாய்க்குள் போன தண்ணீர், நம்பினால் நம்புங்கள், உப்புக் கரித்தது. திரும்பி வந்தால் மாடுகள் தண்ணீரைத் தொடாமல் மிரண்டு நிற்கின்றன.

திருவிழா முடிந்தபின் அண்ணனோடு வேலை பார்த்த கூடலூர்க்காரர் வந்தார்.

"கம்பம் நட்ட அன்னைக்குப் பொழுது சாயுற நேரம் கரை உடைஞ்சிருச்சுப்பா. உங்க அண்ணன்தான் 'ஓரு வந்துருச்சுலே, ஏறுங்க'ன்னு கத்தி எங்களையெல்லாம் மேலேத்திவிட்டாக. அவுகளைத்தான் தண்ணி கொண்டுபோயிருச்சு."

"ஓருன்னா?"

"அங்கிட்டு உப்புத்தண்ணிக்கு அதான் பேரு."

அண்ணன் சாகப்போவதைச் சொல்லியிருக்கிறார். நான் உலை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உடல் கிடைக்கவில்லை. "ஊரு வந்துருச்சுன்னுதானலே சொன்னான்?" என்று ஆத்தா சாகும்வரை கேட்டாள். ஆமாம் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

அந்த மாடுகள் செத்து எவ்வளவோ காலமாயிற்று. இப்போது இருக்கிறவை அதற்குப் பிறகு பிறந்தவை. இவையும் கம்பம் நடுகிற அன்று சாயங்காலம் அந்தத் துறையில் வாய் வைப்பதில்லை.