நான் கால் வைக்காத இத்தாலி

டிக்கெட் விக்கிற ஆள் அந்த ஊருக்குப் போயிருக்க வேணும் எண்டு எந்தச் சட்டத்தில கிடக்கு, கர்க்லாண்டில இருக்கிற அண்ணை? சவப்பெட்டி விக்கிறவன் படுத்துப் பாத்துட்டோ விக்கிறான்? இத்தாலியில கால் வைக்காத பெட்டை ஒருத்தி உங்களை ஏமாத்தி அனுப்பினவள் எண்டு போன மாதச் சங்கப் பத்திரிகையில பேர் போடாமல் எழுதியிருக்கிறியள். கால் வைக்காதது உண்மை. என்ர அகதி வழக்கு மூண்டு வருசமா இழுபடுது. அது முடிய முதல் கனடாவை விட்டு வெளிக்கிட்டா திரும்பி உள்ள வர ஏலாது. ஏமாத்தினனான் எண்டதுக்குத்தான் இந்தப் பதில்.

படிச்சுக்கொண்டு வேலைக்கும் ஓடுற என்ர கூட்டாளிமாரே, நீங்களும் வாசியுங்கோ. இந்த அவதி உங்களுக்குத்தான் விளங்கும். கோட்-டெ-நெய்ஜில வகுப்பு முடிய மெட்ரோ பிடிச்சு, ஜான்-டலோன் சந்தைக்குக் கிட்ட இருக்கிற ஒரு பயணக் கந்தோருக்குப் போய், மற்றவையின்ர விடுமுறையை நான் கீறிக் குடுக்கிறன். சுவரில பெரிய இத்தாலி வரைபடம் ஒண்டு தொங்குது. என்ர கதிரை அதுக்கு நேர எதிரில.

குக்கர்

பார்க் எக்ஸ்டென்ஷனில இருந்து ஒரு புதுச் சோடி வந்தவை. புளோரன்சில பின்னேர வெயில் பாலத்தில விழேக்க ஆத்தங்கரையால நடவுங்கோ, அங்கால குன்றில ஏறினா ஊர் முழுக்கச் செங்கல் நிறத்தில கிடக்கும் எண்டு தொண்டை வறளச் சொன்னனான். மாப்பிள்ளைக்கு ஒரே கேள்விதான், சோறு கிடைக்குமோ எண்டு. ஒரு கிழமை பாஸ்தா சாப்பிட்டா ஒருத்தரும் சாகமாட்டினம் எண்டன். அவர் கேக்கேல்லை. இஞ்சத்த நூற்றிப்பத்து வோல்ட் ரைஸ் குக்கரைச் சூட்கேசில வைச்சுக் கொண்டுபோய், அங்கத்த இருநூற்றிருபதில சொருகியிருக்கிறார். குக்கர் புகைஞ்சு, ஹோட்டலில அந்த மாடி முழுக்கக் கறண்ட் போயிட்டுது.

திரும்பி வந்து பொம்பிளை சொன்னா: "கறண்ட் போனாப்பிறகுதான், அக்கா, ரெண்டு பேரும் ஜன்னலடிக்குப் போனனாங்கள். அந்தப் பெரிய மாதா கோயில் கூரை வடிவாத் தெரிஞ்சது."

ரெண்டு நாள் வரிசை

ஆசுப்பத்திரியில துப்புரவு வேலை செய்யிற மட்டக்களப்பு அக்கா ஒராள். அவவுக்கு இத்தாலி எண்டா பதுவாவில இருக்கிற அந்தோனியார் கல்லறை மட்டும்தான். தொட்டுக் கும்பிட்டுட்டு உடன திரும்ப வேணுமாம். நான் சண்டை பிடிச்சன். பதுவாவில இருந்து அரை மணித்தியாலம் ரயிலில இருந்தா வெனிஸ். வாசல் படியில தண்ணி வந்து அடிக்கிற ஊரைக் கிட்டப் போயும் பாக்காமல் வாறதோ? அக்கா நல்லாத் தலையாட்டிப்போட்டுப் போனா.

வந்த உடன வெனிஸ் எப்பிடி எண்டுதான் கேட்டனான். போகேல்லையாம். கல்லறைக் கல்லில கை வைக்க வரிசையாம், ரெண்டு நாளும் அதிலதான் நிண்டவவாம். ஒருக்கால் கை வைச்சாக் காணாதோ எண்டு எனக்கு விசர் வந்திட்டுது. அக்கா ஆறுதலாச் சொன்னா: "முதல் நாள் எனக்கு நிண்ட நான் புள்ள. ரெண்டாம் நாள் உன்ட கேசுக்கு நிண்ட நான்."

தக்காளிக்காரி

சனிக்கிழமையில மத்தியானப் பாணைச் சந்தையிலதான் சாப்பிடுறனான். அங்க தக்காளி விக்கிற பெட்டைக்கு என்ர வயசு. தாய் தெற்கு இத்தாலி. ஆக்களுக்குச் சொல்ல அவளிட்டத்தான் விசயம் பிடுங்குவன். ஒருநாள் மாத்தேராவைப் பற்றிக் கதை வந்துது, மலையைக் குடைஞ்சு வீடு கட்டின ஊர். விடியக்காலமை அந்தக் கல்லு வெள்ளை எண்டு அவள், மஞ்சள் எண்டு நான். பத்து நிமிசம் பிரெஞ்சில அடிபாடு. பேந்துதான் கேட்டன், கடைசியா எப்ப போனனீ எண்டு. ஒருக்காலும் போனதில்லையாம், எல்லாம் தாய் சொன்ன கதையாம்.

பையில ரெண்டு தக்காளியைக் கூடப் போட்டுட்டுச் சொன்னாள்: "நீ மஞ்சள் எண்டே சொல்லு. ஆர் முதல் போறமோ, அவள் வந்து சொல்லட்டும்."

பதினாலு நாள்

இப்ப உங்களிட்ட வாறன் அண்ணை. ரோம் நாலு நாள், புளோரன்ஸ் மூண்டு, வெனிஸ் ரெண்டு, கடற்கரைச் சரிவில தொங்குற ஐஞ்சு குட்டி ஊருக்கு ரெண்டு, கடைசியா பலெர்மோவில உங்கட மச்சான் வீட்டை மூண்டு. ரயில் வெளிக்கிடுற நேரம் வரைக்கும் கையால எழுதித் தந்தனான். நீங்கள் போன் கார்ட் வாங்கி மச்சானோட கதைச்சியள். முதல் இஞ்ச வாங்கோ எண்டார் அவர். போய் இறங்கினா அவற்ர மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. பலெர்மோவில எங்கட சனத்துக்குக் குறைவே? ஒவ்வொரு வீட்டிலயும் விருந்து. பதினாலு நாளும் அங்கயே முடிஞ்சுது. வந்து, இத்தாலியில பாக்க ஒண்டுமில்லை எண்டு எழுதுறியள்.

இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்? போன கிழமை உங்கட மனிசி கந்தோருக்கு வந்தவ. ஞாயிற்றுக்கிழமை மட்டும், எங்கட சனம் நேத்திக்கடன் வைச்சு நடந்து ஏறுற மலைக்கு, புனித ரோசலியாவின்ர குகைக் கோயிலுக்கு, நீங்களும் ஏறினதாச் சொன்னா. போகேக்க மெல்லமா இதையும் சொன்னா: "தங்கச்சி, நீங்கள் எழுதித் தந்த கடுதாசியிலதான் இவர் ஊறுகாய்ப் போத்தலைச் சுத்திக் கொண்டு வந்தவர்."

ஊறுகாய் கிடக்கட்டும் அண்ணை. அந்த மலையில பாதி வழியில நிண்டு திரும்பிப் பாருங்கோ, துறைமுகத்துக்கு அங்கால கடல் கிடக்கும் எண்டு எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். ஒருத்தரும் வந்து அதைப் பற்றிச் சொன்னதில்லை. நீங்கள் அதில நிண்டிருக்கிறியள். என்னை ஏமாத்துக்காரி எண்டு ஊர் பாக்க எழுதினனீங்கள்தானே, இதையும் ஊர் பாக்க எழுதுங்கோ. திரும்பிப் பாத்தனீங்களோ, இல்லையோ? நாட்டை விட்டு வெளிக்கிட ஏலாத ஒருத்தி போய் வந்த ஒருத்தரிட்டக் கேக்கக்கூடியது இவ்வளவுதான்: அடுத்த இதழில, உங்கட பேரைப் போட்டு, அந்தக் கடல் என்ன நிறம் எண்டு எழுதுங்கோ.