நெக்லெக்ட் என்றால்

இன்று வேலூர்–ஆரணி பஸ்ஸில் மூன்று பேர் சீட். நடுவில் பக்கவாதம் வந்த முள்ளிப்பட்டு நெசவாளர். அவருக்கு இடப்பக்கம் மனைவி, வலப்பக்கம் நான்.

நான் நர்சிங் வாத்தியார் என்று தெரிந்ததும் அந்த அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார்.

"நெக்லெக்ட்னு எழுதிக்கீறாங்க. கவனிக்காம வுடறதுன்னு பொண்ணு செல்லுல பார்த்துச் சொல்லுது. நாளெல்லாம் இவரைத்தானே சார் பார்த்துகினு கீறேன்?"

"உங்களைச் சொல்லலைக்கா. கண்ணு நல்லாத்தான் இருக்கு. இவர் மூளைதான் இடது பக்கத்தைக் கவனிக்காம வுட்டுடுது."

"அதான் புடவையை விரிச்சா, ஒரு பார்டர் எங்கேன்னு கேக்கறாரா? ரெண்டு வருஷமா இப்படித்தான். சரியாயிடுமா?"

நான் சீட்டை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

நெசவாளர் என் பக்கம் திரும்பினார். "சார், என் சம்சாரம் பஸ்ல ஏறிச்சா?"

அவர் இடது தோளைப் பிடித்திருந்த அக்கா கையை எடுக்கவில்லை.

நெக்லெக்ட்டுக்கு என்னிடம் ரெண்டு மார்க் விடை இருக்கிறது. இவர் கேள்விக்கு உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள்.